பட்டனை விடாதவர்

ஞாயிற்றுக்கிழமை மதியம், மணி இரண்டு ஐம்பத்தெட்டு. இன்ஜினியர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு கம்ப்யூட்டர் திரையின் மூலையில் ஓடும் கடிகாரத்தைப் பார்த்தார். அது ஓடவில்லை. இரண்டு நாற்பத்தேழில் நின்றிருந்தது. மவுஸை அசைத்தார், அம்பு நகரவில்லை. நாலைந்து விசைகளைத் தட்டிப் பார்த்தார், திரை கல்லுளிமங்கனாக இருந்தது. சிஸ்டம் ஹேங் ஆகியிருந்தது. அதில் அதிசயம் ஒன்றும் இல்லை, எந்த சிஸ்டமும் என்றாவது ஒருநாள் ஹேங் ஆகும். பதினோரு நிமிடமாக அது ஹேங் ஆகியே கிடந்ததுதான் அதிசயம். இன்ஜினியர் வாங்கி மாட்டிய பெட்டி ஒன்று அங்கே இருந்தது. அது இருக்கும்வரை எந்தக் கம்ப்யூட்டரும் ஒரு நிமிடத்துக்கு மேல் செத்துக் கிடக்க முடியாது.

அந்தப் பெட்டிக்கு வாட்ச்டாக் டைமர் என்று பெயர். டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். முகத்தில் ஒரு பச்சை விளக்கு, பக்கத்தில் சிவப்பு எண்கள். எண்கள் அறுபதிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கும். கம்ப்யூட்டர் நல்லபடியாக இருந்தால் அவ்வப்போது ஒரு கம்பி வழியாக "இருக்கிறேன்" என்று ஒரு துடிப்பை அனுப்பும், எண் மறுபடி அறுபதுக்கு ஏறிவிடும். ஹேங் ஆனால் துடிப்பு வராது. எண் பூஜ்யத்தைத் தொட்டதும் பெட்டி கரண்டை ஒருமுறை வெட்டிக் கொடுத்து, கம்ப்யூட்டரைத் தானே ரீஸ்டார்ட் செய்யும். மனிதக் கை வேண்டியதில்லை. மனிதக் கை என்றாலே இன்ஜினியருக்கு ஓர் இளக்காரம்.

அது ஒரு நீரேற்று நிலையம். கட்டடத்துக்கு அடியில் நாற்பதடி ஆழத்தில் ஒரு கிணறு. ஏரித் தண்ணீர் ஷட்டர் வழியாகக் கிணற்றுக்குள் இறங்கும், பம்புகள் அதை ஊருக்கு ஏற்றும். ஷட்டரைத் திறப்பதும் மூடுவதும் கம்ப்யூட்டரின் வேலை. ரீஸ்டார்ட் ஆனால் அது முதலில் ஷட்டரைச் சோதித்துப் பார்க்கும். முழுக்கத் திறந்து, மூன்று நிமிடம் அப்படியே வைத்திருந்து, பிறகு மூடும். அந்த மூன்று நிமிடமும் யார் என்ன சொன்னாலும் கேட்காது. அப்படி அமைத்து வைத்தவரும் இன்ஜினியர்தான். நடுவில் எவனாவது மடையன் கை வைத்துக் கெடுத்துவிடக் கூடாது என்று அவருக்கு அவ்வளவு முன்யோசனை.

பெட்டி வருவதற்கு முன் அந்த வேலைக்கு ஓர் ஆள் இருந்தார். பத்தொன்பது வருடம், அடுத்த அறையில் ஒரு மேசைக்கு முன் உட்கார்ந்து, நாலு நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு சிவப்புப் பட்டனை அமுக்குவதே அவருடைய உத்தியோகம். தடுப்புக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்ப்பார். திரையில் கடிகாரம் ஓடினால் தொண்டையைச் செருமிக்கொண்டு ஓர் அமுக்கு. ஓடவில்லை என்றால் அமுக்க மாட்டார், கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். அமுக்கி அமுக்கி அவர் வலது கட்டைவிரல் தட்டையாகி, நகம் கறுத்துப் போயிருந்தது. வலிக்கு எந்நேரமும் தைலம் தடவுவார், அந்த அறையே தைலமாக மணக்கும். எல்லோரும் அவரைப் பட்டன்காரர் என்றார்கள். இன்ஜினியர் மட்டும் அமுக்குணி என்றார். "ஒரு விரலுக்கு சம்பளம் குடுக்கறோம், மீதி ஒன்பது விரலும் தண்டச்சோறு" என்று மீட்டிங்கில் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். சிரிக்காதவர்கள் யார் யார் என்றும் பார்த்து வைத்துக்கொண்டார்.

நாலு மாதத்துக்கு முன் பெட்டி வந்தது, பட்டன்காரர் போனார். போகிற அன்று கதவருகே தயங்கி நின்று, "சார், ஒண்ணு சொல்லணும். கீழ ஆள் இறங்குறப்ப..." என்று ஆரம்பித்தார்.

"எழுதிக் குடுங்க" என்றார் இன்ஜினியர்.

எழுதியும் கொடுத்தார். அந்தத் தாள் இன்னும் இன்ஜினியரின் மேசையில்தான் இருந்தது. டீ கிளாஸை அதன்மேல் வைத்து வைத்து எழுத்தெல்லாம் பழுப்பு வட்டங்களுக்கு அடியில் போய்விட்டது. பன்னிரண்டு நாளைக்கு முன் கிளார்க் வந்து, "சார், நம்ம பட்டன்காரர் தவறிட்டாரு" என்றார். "அடையாள அட்டையத் திருப்பிக் குடுத்தாரா?" என்று கேட்டார் இன்ஜினியர். கிளார்க் கதவைச் சாத்தாமலே போய்விட்டார்.

இன்று நிலையத்தில் இரண்டே பேர். இன்ஜினியரும், ஃபிட்டராக இருக்கும் அவருடைய மச்சினனும். மனைவியின் ஒரே தம்பி. வேலை வாங்கிக் கொடுத்தது தான்தான் என்பதை வாரம் ஒருமுறையாவது அவனுக்கு ஞாபகப்படுத்தாவிட்டால் இன்ஜினியருக்குச் சாப்பாடு செரிக்காது. அவனுக்கு அவர் வைத்த பெயர் தூங்குமூஞ்சி. அவன் அப்படியொன்றும் தூங்குகிறவன் இல்லை, பேச்சுதான் மெதுவாக வரும். மெதுவாகப் பேசுகிறவனுக்கு மூளையும் மெதுவாகத்தான் ஓடும் என்பது இன்ஜினியரின் கணக்கு.

மதியம் சாப்பிடும்போது அவன் கேட்டான்.

"மாமா, நாளைக்குத் தலைமை ஆபீஸ்லேந்து பெரியவரு வர்றாரு. கீழ சல்லடைய இன்னைக்கே சுத்தம் பண்ணிடட்டுமா? எலையும் கவருமா அடைச்சுக் கெடக்கு."

"பண்ணு, பண்ணாமப் போ. என்னை ஏன் கேக்கற?"

"இல்ல, ஷட்டர மூடிட்டுக் கீழ எறங்கணும். அவரு இருந்தப்ப மேசையில சாக்பீஸால ஒரு கோடு போடுவாரு. கீழ ஆள் இருக்குன்னு அர்த்தம். கம்ப்யூட்டர் ஹேங் ஆனாலும் கெடக்கட்டும்னு, நான் ஏறி வர்ற வரைக்கும் பட்டன விடவே மாட்டாரு. நாலு நிமிஷத்துக்கு ஒருதரம்னு இல்ல, நிமிஷத்துக்கு ஒருதரம் அமுக்குவாரு. மேல வந்ததும் நானே என் கையால கோட்ட அழிக்கணும். அப்பத்தான் விடுவாரு."

"நல்லா விளையாடியிருக்கீங்க ரெண்டு பேரும்."

"இப்ப யாரு மாமா அமுக்குவா?"

"அதான் பெட்டி இருக்கேடா."

மச்சினன் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தான். "கீழ ஆள் இருக்கறது பெட்டிக்குத் தெரியுமா?"

இன்ஜினியருக்குப் புரையேறுகிற அளவுக்குச் சிரிப்பு வந்தது. "நான் மாத்தினதுக்கப்புறம் இந்த சிஸ்டம் ஒருதரமாவது ஹேங் ஆகியிருக்கா? போய் வேலையப் பாரு" என்றார். அவன் மஞ்சள் ரப்பர் கையுறைகளை எடுத்துக்கொண்டு எழுந்தான். வலது கையுறையில் கட்டைவிரல் இருக்கும் இடம் கிழிந்து, விரல் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. புதுசு கேட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது.

இரண்டரை வாக்கில் அவன் கதவருகே வந்து நின்றது இன்ஜினியருக்கு ஞாபகம் இருந்தது. அவர் காதில் ஹெட்போன், நாளைக்குப் பெரியவர் முன்னால் பேச வேண்டியதை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் என்னவோ கேட்டான். அவர் திரும்பாமல், போய்த் தொலை என்பது போலக் கையை அசைத்தார். அத்துடன் அவன் எங்காவது பாயைப் போட்டிருப்பான் என்று முடிவு கட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமையில் தானாக வேலை செய்கிற ஜென்மமா அது?

இப்போது மணி மூன்று. இன்ஜினியர் பெட்டியின் முன் குனிந்தார். முப்பத்தொன்று, முப்பது, இருபத்தொன்பது. எண் ஒழுங்காக இறங்கிக்கொண்டிருந்தது. பதினைந்து. பத்து. ஒன்பது. எட்டு.

அறுபது.

ஹேங் ஆகிக் கிடக்கும் கம்ப்யூட்டர் எப்படித் துடிப்பு அனுப்பும்? மறுபடி பார்த்தார். இந்தத் தடவை பதினொன்றில் அறுபதுக்குத் தாவியது. அடுத்த தடவை ஐந்தில். அதற்கடுத்து ஒன்பதில். எந்திரம் என்றால் ஒரே எண்ணில் தாவ வேண்டும். இது ஒருமுறை முந்திக்கொண்டது, ஒருமுறை பிந்தியது. கூடவே ஒவ்வொரு தாவலின்போதும் சுவருக்கு அந்தப் பக்கம் எங்கேயோ மெல்லிய சத்தம் ஒன்று கேட்டது, இல்லை, கேட்டது போல இருந்தது. பம்புகள் ஞாயிறு மதியம் இரண்டிலிருந்து நாலு வரை ஓடாது. அந்த உறுமல் இல்லாத கட்டடத்தில் குளிர்சாதனத்தின் சொட்டு, டியூப்லைட்டின் ரீங்காரம், தன் சொந்த மூச்சு என்று எல்லாமே காதுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் காதில் விழுவதையெல்லாம் நம்பக்கூடாது என்று இன்ஜினியர் தனக்கே சொல்லிக்கொண்டார்.

உறைந்த திரையில் ஷட்டர் மூடியிருப்பதாகக் காட்டியது. கிணற்றில் தண்ணீர் மட்டம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில். எவனோ மூடி வைத்திருக்கிறான், ஒருத்தனுக்கும் பொறுப்பு கிடையாது என்று நினைத்தார். அதற்கு மேல் அவர் நினைக்கவில்லை.

சுவிட்சைத் தட்டிக் கையாலேயே ரீஸ்டார்ட் செய்திருக்கலாம், இரண்டு விநாடி வேலை. ஆனால் அப்படிச் செய்தால் "கையால் ரீஸ்டார்ட்" என்று சிஸ்டம் தன் பதிவேட்டில் எழுதி வைத்துக்கொள்ளும், நாளைக்குப் பெரியவர் முதலில் பார்ப்பதே அந்தப் பதிவேட்டைத்தான். இனி மனிதக் கை வேண்டாம் என்று நாற்பது பக்கம் எழுதி, ஓர் ஆளை வீட்டுக்கு அனுப்பி, அந்த நாற்பது பக்கத்தை நம்பித் தலைமை அலுவலகத்தில் ஒரு நாற்காலிக்குக் காத்திருக்கிறவர், கடைசி நாளில் தானே கையை வைத்தால் மூக்கறுபட்டுப் போகும். ஆகவே பெட்டி வேலை செய்தாக வேண்டும். பெட்டிதான் செய்ய வேண்டும்.

கம்ப்யூட்டரிலிருந்து பெட்டிக்கு வரும் கம்பியைப் பிடுங்கினார். இனி எங்கிருந்தும் துடிப்பு வர வழியில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இருபது. பன்னிரண்டு. ஏழு. ஆறு.

டக்.

அறுபது.

இந்தத் தடவை சத்தம் நன்றாகவே கேட்டது. இன்ஜினியர் பயந்து ஓரடி பின்வாங்கினார், பிறகு பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பெட்டியின் பின்பக்கம் இன்னொரு கம்பி இருந்தது. பழைய, துணி சுற்றிய, அழுக்குப் பிடித்த கம்பி, சுவரில் ஒரு துளை வழியாக அடுத்த அறைக்குப் போனது. பெட்டியை மாட்டிய அன்று அதைக் கழற்றியிருக்க வேண்டும். கழற்ற மேசையை நகர்த்த வேண்டும், மேசையை நகர்த்த ஆளைக் கூப்பிட வேண்டும், இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று பெட்டியோடு சேர்த்து முறுக்கிவிட்டார். பட்டனின் கம்பி அது.

தடுப்புக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருட்டு, ஒன்றும் தெரியவில்லை. யாரோ விளையாடுகிறார்கள். அந்த நினைப்பு வந்ததும் பயம் போய்க் கோபம் வந்தது, கோபம் அவருக்குப் பழகிய இடம். தூங்குமூஞ்சிதான். மதியம் சிரித்ததற்குப் பழி வாங்குகிறான். அவனை இன்றைக்கே அவன் அக்கா முன்னால் நிறுத்தி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டே நடைபாதைக்கு வந்தார். அப்போது பைக்குள் போன் அதிர்ந்தது. மனைவி. நேரங்காலம் தெரியாத ஜென்மம் என்று முணுமுணுத்து, எடுக்காமல் வெட்டிவிட்டார்.

பழைய அறையின் கதவில் பூட்டு தொங்கியது. அதைப் பூட்டியவர் அவரே. ஒரே சாவி, அது அவர் வளையத்திலேயே இருந்தது. பூட்டின்மேல் நாலு மாதத் தூசி கலையாமல் இருந்தது. அவர் விரல் பட்ட இடத்தில்தான் முதன்முறையாகத் தடம் விழுந்தது.

உள்ளேயிருந்து சத்தம். டக்.

ஜன்னலைப் பலகை வைத்து அடைத்துவிட்டதால் உள்ளே வெளிச்சம் என்பது தடுப்புக் கண்ணாடி வழியாக வரும் டியூப்லைட்டின் மிச்சம்தான். உடைந்த நாற்காலிகள், பழைய மானிட்டர்கள், ஒரு மூலையில் சுருட்டிய கேபிள், எல்லாவற்றின் மேலும் சாம்பல் போலத் தூசி. நடுவில் மேசை, மேசைக்கு முன் நாற்காலி, நாற்காலியின் இருக்கை மட்டும் தூசியில்லாமல் யாரோ உட்கார்ந்து உட்கார்ந்து துடைத்தது மாதிரி இருந்தது. அதன் பிளாஸ்டிக் நடுவில் குழிந்திருந்தது, பாரம் எதுவும் இல்லாமலே குழிந்தபடி நின்றது. கதவைத் திறந்ததும் நாலு மாதம் அடைத்துக் கிடந்த அறையின் புழுக்கம்தான் முதலில் முகத்தில் அடித்திருக்க வேண்டும். அடித்தது தைல வாசனை. பழையது அல்ல. இப்போதுதான் மூடியைத் திறந்து தேய்த்த வாசனை, கண்ணைக் கரிக்கும் அளவுக்கு.

மேசையில் பட்டன். நடுவில் தேய்ந்து, எண்ணெய் தடவியது போலப் பளபளத்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி, மேசையின் தூசியின்மேல், ஒரு சாக்பீஸ் கோடு. நேராக, விரல் நீளத்துக்கு. அதன்மேல் தூசி இல்லை.

இன்ஜினியர் அந்தக் கோட்டைப் பார்த்தார். மதியம் சோறு பிசைந்துகொண்டே ஒருத்தன் சொன்னது அவர் காதில் விழுந்திருந்தது. காதோடு நின்றுவிட்டது. தூங்குமூஞ்சிகள் சொல்வதை உள்ளே விட்டுப் பழக்கமில்லாதவர் அவர்.

யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

அவருக்குப் பக்கத்தில். இடுப்பு உயரத்தில். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் செருமினால் எந்த உயரத்தில் கேட்குமோ அங்கே.

பட்டன் உள்ளே போனது. டக். மெதுவாக வெளியே வந்தது.

ஓடியிருக்கலாம். ஓடாமல் அந்த நாற்காலியையே முறைத்தார். பயத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே பேச்சு வாயில் வந்தது.

"யோவ். உன் வேலை போயிடுச்சுய்யா."

தைலம் இன்னும் நெடியடித்தது.

"உசுரோட இருந்தப்பவும் தண்டம். இப்பவுமா?" நாற்காலியை நோக்கி விரலை நீட்டினார். "போய்யா. நாளைக்குப் பெரியவரு வர்றாரு. என் பொழப்புல மண்ணைப் போடாத."

டக். முந்தைய அமுக்கலிலிருந்து பத்து விநாடிகூட ஆகியிருக்காது. டக். டக். யாரோ அவசரமாக எதையோ சொல்லப் பார்ப்பது போல, சொல்ல வாய் இல்லாமல் விரலால் மட்டுமே சொல்வது போல இருந்தது அது. நாற்காலி ஓர் அங்குலம் நகர்ந்து அவர் பக்கம் திரும்பியது. பட்டன் மட்டும் நிற்கவில்லை.

இன்ஜினியர் பின்னாலேயே நடந்து வெளியே வந்தார், கதவைச் சாத்தினார், பூட்ட முயன்று சாவியைக் கீழே போட்டார், எடுக்காமல் கண்ட்ரோல் அறைக்கு ஓடினார். போனை மேசைமேல் எறிந்துவிட்டு டிராயரிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்தார். பெட்டிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவி அந்தத் துணி சுற்றிய கம்பியைப் பிடித்தார். அது வெதுவெதுப்பாக இருந்தது. போன் மறுபடி அதிர்ந்தது. மேசையின் மேல் அது அதிர்ந்து அதிர்ந்து பழுப்பு வட்டங்கள் விழுந்த தாளோடு விளிம்பு வரை நகர்ந்தது. அவர் பார்க்கவில்லை.

கம்பியை வெட்டினார்.

எண் ஐம்பத்திரண்டில் இருந்தது. ஐம்பத்தொன்று. ஐம்பது. சுவருக்கு அந்தப் பக்கம் டக் என்றது. எண் தாவவில்லை. நாற்பத்தாறு. டக். நாற்பத்தைந்து. தாவவில்லை. இன்ஜினியருக்குச் சிரிப்பு வந்தது. அமுக்கு, நல்லா அமுக்கு என்றார் வாய்விட்டு. முப்பது. சத்தம் நெருக்கமாக வந்தது, டக் டக் டக் என்று, கதவைத் தட்டுகிற மாதிரி, பிறகு கதவை இடிக்கிற மாதிரி. இருபது. தடுப்புக் கண்ணாடி அதிர்ந்தது. பத்து. எட்டு. ஐந்து. இதுவரை ஒருமுறையும் வராத எண்கள் வந்தன. மூன்று. இரண்டு. ஒன்று.

திரை அணைந்தது. விசிறி நின்று மறுபடி சுழன்றது. பீப் என்று ஒரு சத்தம். பச்சை எழுத்துகள் கடகடவென்று ஓடின. மனிதக் கை படாமல், பெட்டி தானாக, அவர் எழுதிய நாற்பது பக்கமும் சொன்னபடியே கம்ப்யூட்டர் எழுந்து உட்கார்ந்தது. இன்ஜினியர் நாற்காலியில் சாய்ந்து நெற்றி வியர்வையைத் துடைத்தார். எவ்வளவு நிம்மதி. செத்தவனையும் வேலையை விட்டுத் தூக்கியாயிற்று.

காலுக்கு அடியில் மோட்டார் முனகியது. ஷட்டர் ஏறத் தொடங்கியது. பிறகு தண்ணீர் விழும் சத்தம், முதலில் ஒரு குழாயைத் திறந்தது போல, பிறகு தரையே அதிரும்படி.

போன் மூன்றாவது தடவை அதிர்ந்தது. நல்ல மனநிலையில் இருந்ததால் எடுத்தார்.

"ஏங்க, எத்தனை தடவை கூப்பிடறது? தம்பி மேல வந்துட்டானா?"

"எங்கேந்து மேல?"

"கெணத்துலேந்துங்க. ரெண்டரைக்கு எனக்கு போன் பண்ணி, சல்லடை சுத்தம் பண்ணக் கீழ எறங்கறேன், அங்க சிக்னல் கெடைக்காதுன்னான். மாமாகிட்ட சொல்லிட்டியாடான்னு கேட்டேன். சொல்லிட்டேங்கா, கையைக் காட்டிட்டாருன்னான்." இரைச்சல் அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். "அது என்னங்க சத்தம்?"

இன்ஜினியர் போனை வைக்கவில்லை. அது கையிலிருந்து நழுவி விழுந்தது.

திரையில் ஷட்டர் சோதனை, மீதம் இரண்டு நிமிடம் ஐம்பது விநாடி என்றது. நிறுத்து என்று கொடுத்தார். ஏற்க இயலாது என்றது. மறுபடி கொடுத்தார். ஏற்க இயலாது. சுவிட்சை அணைத்தால் ஷட்டர் திறந்தது திறந்தபடியே நின்றுவிடும். கையால் சுற்றி மூடும் சக்கரம் ஒன்று உண்டு. அதைச் சுற்றத் தெரிந்த ஒரே ஆள் கீழே இருந்தான்.

நடைபாதைக் கோடியில் கிணற்றின் மூடி திறந்திருந்தது. அதன் ஓரத்தில் ஒரு ஜோடி செருப்பு, வீட்டு வாசலில் விடுவது போல ஒழுங்காக. குனிந்து பார்த்தார். இருட்டு, நுரை, இரும்பு ஏணி அதற்குள் போய் மறைந்தது. ஒரு டார்ச் வெளிச்சம் ஆழத்தில் சுழன்று சுழன்று மேலே வந்தது. கை இல்லாமல், வெறும் டார்ச்.

"டேய்" என்று கூப்பிட்டார். பெயர் சொல்லிக் கூப்பிட நினைத்தார். தூங்குமூஞ்சி என்பதைத் தவிர அந்த நேரத்தில் எதுவும் வாயில் வரவில்லை.

ஏணி அதிர்ந்தது. கீழே யாரோ அதைப் பிடித்து உலுக்குவது போல. டங். டங். டங். அந்தச் சத்தத்தோடு சேர்ந்து, அதே தாளத்தில், பின்னால் பூட்டாமல் விட்ட அறையிலிருந்து டக். டக். டக்.

ஏணி நின்றது.

பட்டன் நிற்கவில்லை.

இன்ஜினியர் அந்த அறைக்குள் ஓடினார். ஏன் என்று கேட்டால் அவரால் சொல்லியிருக்க முடியாது. கம்பி வெட்டிய பட்டன், எங்கேயும் போய்ச் சேராத பட்டன். ஆனாலும் பட்டன்காரர் அதை அமுக்கிக்கொண்டிருந்த பத்தொன்பது வருடத்தில் கீழே இறங்கிய ஒருவரும் செத்ததில்லை. அது மட்டும் இப்போது அவருக்குத் தெரிந்தது. மேசையின்மேல் விழுந்து கட்டைவிரலைப் பட்டனில் வைத்து அமுக்கினார். விட்டார். அமுக்கினார். "மூடிக்க, மூடிக்க" என்று அழுதார். அவர் விரலின்மேல் இன்னொரு விரல் வந்து உட்கார்ந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை. தட்டையாக, காய்ந்து, பாரமாக. அதுவும் சேர்ந்து அமுக்கியது. அதில் கோபம் இல்லை. ஆறுதலும் இல்லை. வேலை மட்டும்.

டக்.

டக்.

காலடியில் மோட்டார் முனகி நின்றது. மூன்று நிமிடம் முடிந்துவிட்டது. தண்ணீரின் இரைச்சல் அடங்கியது. பம்ப் ஓடாத கட்டடத்தின் அமைதி.

அந்த அமைதியில் ஏணி ஏறும் சத்தம் கேட்டது.

ஒரு படி. நீர் வழிகிறது. இன்னொரு படி. அவசரம் இல்லாமல், பேச்சைப் போலவே மெதுவாக. மூடியின் விளிம்பு கிறீச்சிட்டது. நடைபாதையில் வெறுங்கால்கள், சளக், சளக் என்று. செருப்பு இருந்த இடத்தில் நிற்கவில்லை. தாண்டி வந்தன.

இன்ஜினியர் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. தைல வாசனைக்கு நடுவே பாசி வாசனை கலந்தது. கதவருகே. முதுகுக்குப் பின்னால். தோளுக்கு அருகே. கழுத்தில் ஒரு சொட்டு விழுந்தது.

அவர் கட்டைவிரலின்மேல் இருந்த பாரம் மெல்ல எழுந்துகொண்டது. நாற்காலியின் குழிவு நிமிர்ந்தது. பட்டன் வெளியே வந்து நின்றது.

கீழே விழுந்த போன் கண்ட்ரோல் அறையிலிருந்து இன்னும் பேசிக்கொண்டிருந்தது. தம்பி வந்துட்டானாங்க, வந்துட்டானா?

மேசையில், அவர் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில், சாக்பீஸ் கோட்டின் மேல்முனை ஈரமானது. ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு, மேலிருந்து கீழாக, நிதானமாக, அந்தக் கோடு அழிந்துகொண்டு வந்தது.